பழைய பெட்டிக்குப் பூக் கேட்டோம், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

அங்கே கரண்ட் போகுமா? போகாவிட்டால் உங்கள் பாடு கஷ்டம்தான். யூபிஎஸ் கத்தினால்தானே நீங்கள் சேரை விட்டு எழுவீர்கள்?

சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உங்கள் கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது. அக்காவைத் திட்டாதீர்கள்.

குமாரபாளையத்தில் தறி ஓடுகிற தெருவில் பஞ்சு பறக்காத மூலை ஏது? நீங்கள் போன பிறகு, பெட்டிக்குள் பஞ்சு போய்விடக் கூடாதென்று உங்கள் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து அக்கா அதன்மேல் போர்த்தினாள். அது ஓடுகிறபோதும் எடுக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒரு மத்தியானம் கருகல் வாசம் அடித்து நின்றுவிட்டது. நான் சங்ககிரி லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தால், அக்கா அந்த லுங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவரையுந்தான் காப்பாத்த முடியல. அவரு பொட்டியவும் நானே மூச்சு முட்ட வெச்சுப் போட்டேன் தம்பி" என்றாள். காபி போடச் சொன்னேன்.

ஆமாம் மச்சான், உங்களுக்கு அடுத்த சேதி தெரியாதே. அக்கா லுங்கி டிசைன் போட ஆரம்பித்திருந்தாள். நீங்கள் போனதும் தறிக்காரர்கள் எல்லோரும் டிசைனுக்கு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த தெரு தறிக்காரர் ஒருவர் மட்டும், "நீங்களே போட்டுக் குடுங்களேன் அம்மிணி, பொங்கலுக்கு நாலு கட்டம் வேணும்" என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் உங்களுக்கு இடது பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "சிவப்பு எட்டு, கருப்பு நாலு" என்று நூல் கணக்கைப் படித்துச் சொன்னவள் அவள்தானே? கட்டம் அவள் வாயிலேயே இருந்தது.

ஆனால் அதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் போட்டாள். உங்கள் சேர் காலியாக இருக்கும். இவள் பக்கத்திலிருந்து கையை நீட்டி மவுசைப் பிடிப்பாள். "சேர்ல உக்காரேன் அக்கா" என்றால், "கை எட்டுதுல்ல, அது போதும்" என்பாள்.

இப்போது பெட்டியும் போனதும் அம்மாவுக்கு வாய்ப்பாகப் போயிற்று. "தொழிலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஊட்டக் காலி பண்ணிப்போட்டு மல்லசமுத்திரம் வந்துரட்டும் சாமி. மாடு கன்னு இருக்குது, சோறு இல்லாமயா போயிருது?" என்று தினமும் போன். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயம். பொங்கல் டிசைன் கைவிட்டுப் போனால் அவள் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அதனால் நானே கம்ப்யூட்டர் கட்டித் தருகிறேன் என்று வாயை விட்டேன். சிரிக்காதீர்கள். லாரிக்காரன் வண்டி நம்பரைச் சொல்வதற்குள் கிளட்ச் பிளேட்டை எடுத்து மேசையில் வைக்கிறவன் நான். ஆனால் ஒரு பிராசசரையும் ஒரு போர்டையும் பொருத்திப் பார்ப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் சிவப்புக் கம்பெனிப் பிராசசர் என்பேன், மத்தியானம் நீலக் கம்பெனிதான் என்பேன். ராம் எட்டு போதுமா, பதினாறா? அது வேறு விலை தங்கம் மாதிரி ஏறிக்கிடக்கிறது. கிளட்ச் கேட்டவருக்கு ஏர் பில்டரைக் கொடுத்துவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்களைப் போல் "இதுதான் மாப்ள, போட்றா" என்று ஒரே பேச்சில் முடிக்க இப்போது யார் இருக்கிறார்கள்?

நல்லவேளை, டிஸ்க் பிழைத்தது. கடை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். உங்கள் டிசைன்கள், கட்டத்தைப் பாவு நூல் கணக்காக மாற்ற நீங்களே எழுதிய அந்தச் சின்னப் புரோகிராம், எல்லாம் பத்திரம். ஆனால் அந்தப் புரோகிராம் விண்டோஸுக்குப் பதிலாக நீங்கள் வைத்திருந்த அந்தப் பழைய லினக்ஸில்தான் ஓடுகிறது. புதுப் பதிப்பில் போட்டால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சரிசெய்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு ஏது? ஆகவே அதே டிஸ்க்கை அப்படியே மாட்ட வேண்டும். அந்தப் பழைய லினக்ஸுக்கு நேற்று வந்த போர்டை அடையாளம் தெரியாது. திரை இருட்டாகவே நிற்கும். நிறைய படித்துப் பார்த்தபிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: புதுசும் வேண்டாம், ரொம்பப் பழசும் வேண்டாம்.

சேலத்துக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. போன தலைமுறைப் பிராசசர், அதிலேயே கிராபிக்ஸ் இருக்கிற மாதிரி. அதற்கு ஒத்த சின்ன போர்டு, எட்டு ஜிபி ராம், கரண்ட் கொடுக்க நல்ல எஸ்எம்பிஎஸ் என்று கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, புதுசே கெடைக்கறப்ப எதுக்குங்க பழைய மாடலு?"

"லினக்ஸுங்க. பழைய டிஸ்க்க அப்படியே மாட்டோணும்."

"அப்படியெல்லாம் ஏறாதுங்க. உள்ள இருக்கறத அழிச்சுப் பார்மட் அடிச்சுத்தான் ஆகோணும்."

உங்கள் பேச்சு ஞாபகம் வந்தது. "லினக்ஸு ஊடு மாறுனாலும் கோவிச்சுக்காது மாப்ள" என்பீர்களே, அதையே அவரிடம் சொல்லிவிட்டுப் பொருளை வாங்கினேன். வீரமாகத்தான் சொன்னேன். வண்டியில் வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: ஏறாவிட்டால்?

கடைசியில் தகராறு வந்தது கேபினட்டில். பஞ்சுக்கு வலை வைத்த புதுப் பெட்டி வாங்கலாம் என்றேன் நான். அக்கா பழைய பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். போன ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் பக்கவாட்டில் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. அந்த இடத்தில் மட்டும் அவள் தூசுகூடத் துடைத்ததில்லை. "இதுக்குள்ள காத்தே போகாது அக்கா, இதுவும் வெந்துரும்" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "ஆத்தாகிட்டப் பூக் கேட்டறலாம்" என்றாள்.

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பூக் கேட்ட முதல் குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். பெண் பார்க்க, கிணறு வெட்ட, தறி வாங்கக் கேட்பார்கள். தெருமுனை மாரியம்மன் கோயிலில் பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். "மனசுல நெனச்சுக்கிட்டு எடு சாமி" என்றார் அக்காவிடம். வெள்ளை வந்தால் புதுப் பெட்டி, சிவப்பு வந்தால் பழசு என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளை. "பாத்தியா, ஆத்தாளே புதுசு வாங்கச் சொல்லிட்டா!" என்றேன். அக்கா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நீங்கள் போன அன்றுகூட இப்படி அழவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "பொட்டியப் பத்தி ஆத்தாகிட்ட ஆராவது கேப்பாங்களாடா? அது உன்ற பாடு, என்னமோ பண்ணிக்க. நான் கேட்டது வேற."

"என்ன கேட்ட?"

"அவரு சேருல நான் உக்காரலாமான்னு கேட்டேன்."

மச்சான், அதற்குமேல் எனக்குப் புதுப் பெட்டி வாங்க மனசு வரவில்லை. நான் அவ்வளவு கத்தியதெல்லாம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் அந்தச் சேரில் உட்கார்ந்தால் எதிரே இருப்பது உங்கள் பெட்டியாகத்தானே இருக்க வேண்டும்? உங்கள் பெட்டியைச் சங்ககிரிக்குத் தூக்கிக்கொண்டு போய், லாரி பாடிக்கு டிங்கர் வேலை செய்கிறவரிடம் கொடுத்து முன்னாலும் பக்கவாட்டிலும் ஜன்னல் வெட்டி, கொசுவலை பிடித்து, விசிறி மாட்டினேன். வெட்டினதில் சந்தனமும் குங்குமமும் போய்விட்டன. எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டே வந்தேன். அக்கா அந்த ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். "ஆயுத பூசைக்கு எப்படியும் தொடைக்கறதுதானே" என்றாள். அவ்வளவுதான்.

டிஸ்க்கை மாட்டி சுவிட்சைத் தட்டினேன். திரை இருட்டாகவே நின்றது. பிறகு வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, உங்கள் திரை வந்தது. நீங்கள் பாதியில் விட்ட துண்டுக் கரை டிசைன்கூட அதே இடத்தில் இருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை மச்சான், நீங்கள் சொன்னது நிஜம்.

அக்கா ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு உங்கள் சேரில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. நீங்கள்தான் பனைமரமாயிற்றே. கொஞ்ச நேரம் தொங்கின காலோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கீழே விட்டுத் துழாவி, சேரின் பிடியைத் தூக்கினாள். புஸ்ஸென்று சேர் இறங்கியது. அவள் பாதம் தரையில் பட்டது.

"சிவப்பு எட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மவுசை எடுத்தாள்.

அமாவாசைக்கு அமாவாசை நான் வந்து அந்த வலையில் ஒட்டின பஞ்சை ஊதிவிடுவேன், மச்சான். அந்தப் பெட்டி இனி மூச்சு முட்டாது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கும் மூச்சு முட்ட விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கேட்காமல் உங்கள் பெட்டியில் ஜன்னல் வெட்டிய,
உங்கள் வீட்டம்மாவின் தம்பி, உங்கள் மாப்பிள்ளை