உன் மகளுக்குக் கணக்குப் பிரிவு இல்லையாம்

அன்புத் தம்பி சுலைமானுக்கு,

பதினொன்றாம் வகுப்பில் உன் மகள் ஆயிஷாவுக்குக் கணக்குப் பிரிவு தர மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நீ உயிரோடு இருந்தால் நீ போயிருப்பாய். இல்லாததால் நான் போனேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்களாம். புதுப் பாடத்தை எப்படிப் படிக்கப் பிடிக்கும்? பார்த்தா, கேட்டா, கையால் செய்தா? கையால் என்று டிக் அடித்திருக்கிறாள். உடனே கம்ப்யூட்டர் அறிக்கை: உடல் அறிவு அதிகம், கணக்கு அறிவு குறைவு. தையல் பிரிவுக்குப் போகட்டுமாம். பம்ப் மோட்டார் வடிவமைக்கப் படிக்கணும் என்று கிடக்கும் பிள்ளை, தம்பி!

பிடித்த வழியைக் கேட்டுவிட்டு மூளையை எடை போடுவது என்ன நியாயம்? அறிவு பல வகை என்று யாரோ ஓர் அறிஞர் சொன்னாராம்; அவர் கதவைத் திறக்கத்தானே சொல்லியிருப்பார்? இவர்கள் அதை வைத்துப் பட்டி கட்டி, ஆளுக்கொன்றில் அடைக்கிறார்கள்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்க, மாத்த முடியாதுங்க" என்றார் தலைமையாசிரியை.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தோள் துண்டை எடுத்து, ஆயிஷா கை மேலும் என் கை மேலும் போட்டேன். நீயும் நானும் மாட்டுச் சந்தையில் விலை பேசுவோமே, அதே மாதிரி. உள்ளே நாலு விரலைப் பிடித்தேன், அப்புறம் இரண்டை; நாற்பத்திரண்டு என்று கணக்கு.

"ஆயிரத்துல, கண்ணு. ஏழு மாட்டுக்கு?"

"ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரமுங்க பெரியப்பா."

யோசிக்கவே இல்லை. பெண் பிள்ளையைச் சந்தைப் பக்கமே விடாதவன் நீ. இதை எப்போதடா சொல்லிக்கொடுத்தாய்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கேள்வித்தாள் கொடுத்த இளவயது ஆலோசகர் சிரித்தார். "பாத்தீங்களா சார், கைதானுங்க அவங்களுக்கு வருது."

"கை சேதி வாங்குச்சுங்க. ஏழால பெருக்குனதும் கையாங்க? அப்படீன்னா நீங்களும் கையை உட்டுப் பெருக்கிக் காட்டுங்க பாக்கலாம்!"

அவர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தலைமையாசிரியை அறிக்கையை மறுபடி புரட்டினார். பிறகுதான் பேச்சு படிந்தது.

ஆயிஷா கணக்குப் பிரிவில் சேருகிறாள். காலாண்டுத் தேர்வு வரை, சந்தை நாளானாலும் சரி, டியூஷனுக்கு நானே கொண்டுபோய் விடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பள்ளியோடு பேசி முடித்தது இது: காலாண்டில் கணக்கில் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் பிரிவு மாற்றலாம். அறுபது எடுத்தால், அந்த அறிக்கையை அவர்களே என் முன்னால் கிழிக்க வேண்டும்.

உன் கூடப்பிறக்காத அண்ணன்,
பழனிசாமி