சன்னல் விளக்கை அணைத்துவிட்டேன்

ஏனுங்க,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுச் செல்வராஜ் தன் வீட்டை டூரிஸ்ட் காட்டேஜ் ஆக்கிவிட்டான். பாட்டுப் பெட்டிச் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் மிஞ்சிய பிரியாணியையும் கோழி எலும்பையும் நம் வேலியோரக் குழியில் கொட்டுகிறான். அந்த ருசிக்குக் கரடி பழகிவிட்டது. நம் மகள் சுமதி வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டுகிற நேரத்தில் அந்தக் குழியைத் தாண்டித்தான் மேலே வரவேண்டும். அவனிடமே போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

“அக்கா, காட்டுல இருக்கற கரடிக்கு நானாங்க பொறுப்பு?” என்றான்.

“சோறு போட்டு வளக்கறது நீதானப்பா” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீங்களாக இருந்தால் டீ கொடுத்தே அவனை வழிக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

போன வாரம் ஒரு சாயங்காலம், வழக்கம்போல் சன்னலோரம் உங்கள் படத்துக்கு நல்லெண்ணெய் விளக்கேற்றிவிட்டு, கதவைப் பூட்டி, டார்ச்சும் ஒரு பழைய தட்டுமாக ரோட்டுக்கு இறங்கினேன். தட்டைத் தட்டிக்கொண்டே வந்தால் கரடி ஒதுங்கிவிடும் என்ற நம்பிக்கை. சுமதியோடு குழியைத் தாண்டியதும் அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் நம் வீட்டுக்குள் ஏதோ உருண்டது.

சன்னல் உடைந்து கிடந்தது. உள்ளே ஒரு கறுத்த முதுகு அசைந்தது. சுமதியின் நகம் என் கையில் பதிந்தது. தட்டு கையில் இருந்தும் தட்டத் தோன்றவில்லை.

“அக்கா, அங்கயே நில்லுங்க!” செல்வராஜின் குரல். அடுத்த நொடி அவன் பாட்டுப் பெட்டி முழுச் சத்தத்தில் அலறியது. கரடி சன்னல் வழியே குதித்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. நான் வாய் வலிக்கத் திட்டிய அதே பெட்டிதான்.

உள்ளே அரிசி, சர்க்கரை எதையும் அது தொடவில்லை. விளக்கை மட்டும் துடைத்து வைத்ததுபோல் நக்கியிருந்தது. உங்கள் படம் குப்புறக் கிடந்தது.

“குழிக்கு வந்தது, எண்ணெய் வாசத்துக்கு உள்ள வந்துருச்சுங்க்கா” என்றான் செல்வராஜ், மெதுவாக. நான் உங்கள் படத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து மூடுபனியில் வரும்போது, சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பேன் என்பீர்களே. அதனால்தான் விளக்கை அங்கே வைத்தேன். கரடியும் அதைத் தேடி வரும் என்று யார் கண்டது?

மறுநாள் அவன் வாசலில் போய் நின்றேன். “எங்க ஊட்டுக்காரருக்கு வெச்ச விளக்கயே நிறுத்திட்டேன். நீ அந்தக் குழிய மூடு.”

மண்வெட்டியை எடுத்தான். பாதிக் குழி மூடியாயிற்று. மீதியை மூடுவானா, சனிக்கிழமைக் கூட்டம் வந்ததும் திரும்பக் கொட்டுவானா? வேலியோரம் இன்று காலையும் கால்தடம் இருந்தது.

அழுகை வருகிறதுங்க. உங்களுக்கென்று நான் செய்துகொண்டிருந்தது அந்த விளக்கு ஒன்றுதான்.

சுமதி சன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு, உங்கள் படத்துக்கு மேல் ஒரு சின்ன பல்பு மாட்டியிருக்கிறாள். இனி அதுதான் அடையாளம். வழி தெரியாமல் நின்றுவிடாதீர்கள். மழையில் கரண்ட் போனால், அந்தச் சன்னலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நானே நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ருக்குமணி