லோஜினியின் டாங்கி

மேல் டிவிஷன்,
வட்டவளை.

அன்புள்ள தம்பி விஜிதரனுக்கு அம்மா எழுதுவது. அங்கே அந்த அரபு நாட்டு வெயிலில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே அப்பாவுக்குச் சுகம், எனக்கும் சுகம். உன் தங்கச்சி லோஜினிக்குச் சுகம் என்று மட்டும் இந்த முறை என்னால் எழுத முடியவில்லை.

நீ ஃபோனில் கத்தினாய், கேசை வாபஸ் வாங்குங்க, சொந்தத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி பேசினாலும் பாதியில் ஃபோனை வெட்டுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அத்தை மகன் கஜேந்திரனை அம்மா கல்லால் அடித்தது என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடித்தேன். ஆனால் முதல் அடி யாருடையது என்பதை அவர்கள் உன்னிடம் சொல்லவில்லை.

நீ அனுப்பிய பிளாஸ்டிக் கட்டைகளையும் குட்டி மோட்டர்களையும் லோஜினியும் கஜேந்திரனும் பங்கு போட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். அத்தை மகன், கட்டிக்கப் போகிறவன், இரண்டு பேரும் ஒரே விளையாட்டில் ஆசையாக இருக்கிறார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அவன் பெரிய பெரிய டயர் வைத்து ஒரு பொம்மை லாரி கட்டினான், வேகமென்றால் அப்படி வேகம். இவள் கம்யூனிகேஷன் கடையில் ஃபோட்டோகொப்பி வேலை முடிந்து வந்து ஒரு யுத்த டாங்கி கட்டினாள். தாழ்ந்த உடம்பு, ஒவ்வொரு பக்கச் சங்கிலிக்கும் ஒரு மோட்டர், பேட்டரி வயிற்றுக்குள். சின்னப் பல்சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும் அம்மா, ஆனா இழுவை கூடும் என்று எனக்கே பாடம் நடத்தினாள். ஹட்டனில் ஒரு மண்டபத்தில் டவுன் பிள்ளைகள் போட்டி வைத்தார்கள், நானும் கூடப் போயிருந்தேன். மேசை மேல் இரண்டு வண்டிகளை மூக்கோடு மூக்கு நிறுத்துவார்கள், மற்றதைக் கீழே தள்ளியவர்களுக்கு வெற்றி. கடைசிப் போட்டி இவர்கள் இரண்டு பேருக்கும்தான் வந்தது.

முதல் சுற்றில் அவன் லாரி பாய்ந்து வந்து மோதியதில் டாங்கியின் தலை பிய்ந்து பறந்தது, ஒரு பக்கச் சங்கிலியும் அறுந்தது. அவன் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் இத வச்சு விளையாடு என்றான். இவள் கழன்ற சங்கிலிக் கண்ணியைப் பல்லால் கடித்துப் பொருத்தினாள். அடுத்த சுற்றில் தலையில்லாத அந்த டாங்கி மெல்லப் போய், முன்னால் சரிவாக வைத்திருந்த தகட்டை லாரிக்கு அடியில் கொடுத்தது. லாரியின் முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது, டாங்கி நிற்காமல் தள்ளி அந்தச் சுற்றை வென்றது. மூன்றாவது சுற்றில் லாரி மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து சில்லுச்சில்லாகப் போனது. பொம்பளைகிட்ட தோத்துட்டு அவளையே கட்டப் போறான் என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். மண்டபமே சிரித்தது. கஜேந்திரன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் ஆட்டோவில்தான் திரும்பினோம். நான் வேண்டாம் பஸ்ஸில் போவோம் என்றதற்கு லோஜினிதான் அவர் மனசு கஷ்டப்படும் அம்மா என்றாள். முனாப் நானா கடைக்குக் கீழே இருக்கிற வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினான், சக்கரத்துக்குப் பின்னால் கல்லு வைத்தான், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தான். டயரில்தான் ஏதோ என்று நினைத்தேன். இவள் மடியிலிருந்த டாங்கியைப் பிடுங்கித் தார்ரோட்டில் போட்டு அடித்தான். கட்டைகள் ரோட்டோரத் தண்ணீர்க் கான் வரைக்கும் தெறித்தன. இவள் ஓடிப்போய் குனிந்து மோட்டரையாவது எடுப்போம் என்று வலது கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான் தம்பி, கம்பியை ஓங்கிக்கொண்டு நின்று நன்றாகப் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் அந்தக் கை மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொரு தரம் ஓங்கினான். சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லை நான் எப்போது உருவினேன் என்று தெரியாது, இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் போட்டேன். தோள்பட்டை எலும்பு உடைந்து கானுக்குள் விழுந்தான். கல் எடுத்ததால் ஆட்டோவும் பின்னால் உருண்டு மண்மேட்டில் முட்டி நின்றது. அவன் எழுந்திருந்தால் மறுபடியும் அடித்திருப்பேன்.

டாங்கியை உடைத்த சத்தத்துக்கே கடை வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் கண்ட முனாப் நானா ஓடிவந்து அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கினார். தன் வேனில்தான் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். நான் கண்டதத்தான் சொல்லுவன் தங்கச்சி, கூட்டியும் சொல்ல மாட்டன் குறச்சும் சொல்ல மாட்டன் என்றார், அப்படியே பொலிசிலும் சொன்னார். லோஜினியின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கம்பி வைத்திருக்கிறார்கள். சுண்டு விரல் இனி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்கிறார்.

உன் அத்தை நம்ம லயத்து வீட்டு வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். கூடப்பிறந்தவள் என்று முதலில் உன் அப்பா பொறுத்துக்கொண்டார், பிறகு எழுந்து போய், அக்கா, இனிமே இந்தப் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பொலிசில் பெரிய ஐயா, ஒரு விளையாட்டுச் சாமானுக்காகவா கல்யாணத்தை முறிக்கிறாய் என்று லோஜினியிடம் சிங்களத்தில் கேட்டார். இவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள், வெளியே வந்து எனக்கு விளங்கப்படுத்தினாள். முதல் அடி விளையாட்டுச் சாமானுக்கு ஐயா, அது போகட்டும், அடுத்தது என் கையைப் பார்த்து அடித்தது என்று சொன்னாளாம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டாராம். கஜேந்திரனை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். என் மேலும் உன் அத்தை வீட்டார் என்ட்ரி போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள், கோர்ட்டில் கேட்டால் அடித்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

அவன் உன் கூட்டாளி, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. அழ வேண்டுமென்றால் அழு. ஆனால் கேசை வாபஸ் வாங்கு என்று உன் தங்கச்சியிடம் சொல்லாதே. நீ கத்தும்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது, அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அண்ணனுமா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஜாக்கிக் கம்பி பட்டபோதுகூட அவள் அப்படி முகம் வைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் தலையோடு வெயிலில் நிற்காதே. உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்க வேண்டும் என்று ஆத்தாவிடம் கேட்டுக்கொள்கிறேன். லீவில் வரும்போது அத்தை வீட்டில் இறங்கிவிட்டு இங்கே வராதே. நேரே இங்கே வந்து, முதலில் அவள் கையைப் பார், அப்புறம் என்ன பேச வேண்டுமோ பேசு.

உன் அம்மா
காளியாயி