மூன்று கால்காரி

நேற்று திருவேங்கடம் போகிற டவுன் பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முட்டை அவிக்கிற நாள், நேரமாகிறதே என்ற எரிச்சலோடு இறங்கினேன். முந்தின நாள் பெய்த மழையில் ரோட்டோரக் கரிசல் குழைந்து கிடந்தது. கண்டக்டர் ஜாக்கியை வைத்துச் சுற்றச் சுற்ற, பஸ் எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போனது. அவர் கையிலிருந்த கிரீஸ் வாசனை காற்றோடு வந்தது. நீங்கள் வேலையிலிருந்து வந்து பையைத் திறந்தால் வீடு முழுக்க அடிக்குமே, அதே வாசனை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அடியில அகலமா ஒரு பலகையப் போடுங்க தம்பி. போட்டதும் தூக்கிராதீங்க. கொஞ்சம் பாரம் ஏத்தி, மண்ணு இன்னும் கீழ போவுதான்னு பாத்துட்டுத் தூக்குங்க” என்றேன்.

“என்னக்கா, வீட்டுல லாரி எதுவும் ஓடுதா?” என்றார் கண்டக்டர்.

“லாரி இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இன்னொருத்தி உண்டு. அவகிட்ட இருந்து வந்த பாடம்.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பலகை போட்டதும் பஸ் எழும்பியது. டயர் மாற்றிக் கிளம்பியபோது என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போன பிறகும் அவளுடைய பாடத்தைத்தான் ஊர் நடுவில் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேனே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். புருஷன் போய்விட்டால் சக்களத்தியோடு சண்டையும் போய்விடும் என்று நினைப்பார்கள். எனக்குப் போகவில்லை.

மும்பைக்கு மேற்கே கடலில் நின்று எண்ணெய்க்குத் துளை போடும் அந்த இரும்பு மேடையை மற்றவர்கள் ‘ரிக்’ என்றார்கள். நீங்கள் மட்டும் ‘அவ’ என்றீர்கள். “இன்னைக்கு அவ சரியில்ல.” “அவளை வேற இடத்துக்குக் கொண்டுபோறோம்.” நான் வைத்த பெயர் மூன்று கால்காரி. அதைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டதே இல்லை, பெருமையாகத் தலையாட்டினீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கல்யாணமான புதிதில் அவளை எனக்கு அறிமுகப்படுத்திய நாள் நினைவிருக்கிறதா? வாடகை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற தொட்டியில். இரண்டு சட்டி களிமண்ணை அடியில் பரப்பித் தண்ணீர் நிரப்பினீர்கள். கேட்காமல் கொள்ளாமல் என் தண்ணீர் டிரம் மூடியை எடுத்து மூன்று ஓட்டை போட்டீர்கள். ஓட்டைக்கு ஒன்றாக மூன்று மூங்கில் குச்சியைச் செருகி மூடியை மிதக்கவிட்டீர்கள்.

“பாருட்டி. இதுதான் அவ. சும்மா இருக்கும்போது படகு மாதிரி மிதப்பா. காலு மூணையும் வானத்தைப் பாக்கத் தூக்கி வச்சிருப்பா. இழுவைக் கப்பல் வந்து இழுத்துட்டுப் போவும். இடம் வந்ததும் காலைக் கீழ இறக்கணும். காலு முழுக்கப் பல்லு, அதைப் பல்சக்கரம் புடிச்சு இறக்கும். பாதம் தரையில ஊணுன பிறகும் சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இருந்தா என்ன ஆவும்?”

“காலு ஒடியும்” என்றேன், வேண்டுமென்றே.

“படகு மேல ஏறும்ட்டி! காலு அங்கனயே நிக்கும், இவ தண்ணிய விட்டு எழும்பிருவா.”

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். நம் ஊர் ராஜகோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் வருகிற ஆழம் என்றீர்கள். கடலில் அது ஆழமே இல்லையாம், தரைக்குக் கால் எட்டுகிற இடத்தில்தான் இவளுக்கு வேலையாம். அதற்கும் மேல் ஆழமென்றால் மிதந்துகொண்டே துளை போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்களாம். அவர்களைப் பற்றி நீங்கள் பேசியபோது குரலில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. உங்களுக்கு இவள் ஒருத்திதான்.

அப்புறம் குச்சிகளைக் களியில் ஊன்றி, மூடியைத் தண்ணீருக்கு மேலே அவற்றோடு கட்டி, என் பித்தளைச் செம்பு நாலைத் தண்ணீரோடு அதன் மேல் ஏற்றினீர்கள். “இதுதான் முக்கியம். உடனே உயரத் தூக்கிரக் கூடாது. அலைக்குக் கொஞ்சம் மேல வச்சிக்கிட்டு, அவ வயித்துல இருக்க தொட்டியில எல்லாம் கடல் தண்ணிய ஏத்துவோம். பாரம் கூடக்கூடக் காலு புதையும். எவ்வளவு புதையணுமோ அப்பவே புதைஞ்சிரணும். நாளைக்குப் புயல்ல புதையக் கூடாதுல்லா? இதுக்கு மேல போவாதுன்னு தெரிஞ்ச பிறகு தண்ணிய வெளிய விட்டுட்டு, அலை தொடாத உயரத்துக்குத் தூக்கிருவோம்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு குச்சி சடக்கென்று களிக்குள் இறங்கியது. மூடி சாய்ந்து செம்புகள் உருண்டன. நான் செம்பைப் பிடிக்கப் பாய்ந்தேன். நீங்கள் மூடியைப் பிடிக்கப் பாய்ந்தீர்கள். நிமிர்ந்து பார்த்தால் உங்கள் முகம் வெளிறிக் கிடந்தது. மேற்பரப்பு கெட்டியாக இருந்து அடியில் இளகலாக இருக்கிற மண்ணில் இப்படித்தான் நடக்குமாம், உங்கள் எல்லாருக்கும் பெரிய பயம் அதுதானாம். விளையாட்டுக்குக்கூட அவள் சாய்வதை உங்களால் தாங்க முடியவில்லை. எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

மாதம் ஒன்று அவளோடு, மாதம் ஒன்று என்னோடு என்பது கணக்கு. அந்தக் கணக்காவது ஒழுங்காக நடந்ததா? ஒரு எண்ணெய்க் கிணறு முடிந்து அவள் இடம் மாறுகிறாள் என்றால் ஆள் வேண்டும் என்பார்கள், நீங்களும் லீவைச் சுருக்கிக்கொண்டு ஓடுவீர்கள். அவளை மறுபடி தண்ணீருக்கு இறக்கி மிதக்கவிட்டு, அந்த மிதப்பிலேயே மண்ணிலிருந்து காலைப் பிடுங்க வேண்டுமாம். சேறு லேசில் விடாதாம். பாதத்துக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி இளக்குவீர்களாம். நம் மகள் பிறந்தபோதும் அவள் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் நான் “பொம்பளப் புள்ள” என்றேன். “சந்தோசம்ட்டி, சந்தோசம்! ரெண்டு காலு வந்துட்டு, ஒண்ணுதான் பாக்கி” என்றீர்கள். எங்கள் அம்மா அந்தப் போனைப் பிடுங்கி வைத்தாள்.

உங்களுக்கு அவளைத் தூக்கி இறக்குகிற ஜாக்கி மெக்கானிக் வேலை; அவள் பல்லுக்குக் கிரீஸ் தடவுவதே அதில் பாதி. எனக்குப் பல்வலி வந்தபோது “புளியங்குடில நல்ல டாக்டர் இருக்காரு, புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வா” என்று போனில் சொன்னீர்கள். இதையெல்லாம் நான் மறப்பேன் என்று நினைத்தீர்களா?

ஒரே ஒரு நாள் எனக்கு வெற்றி கிடைத்தது. நாம் வீடு கட்டின கதை அது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கல் கட்டியதும் கொத்தனாரை நிறுத்திவிட்டீர்கள். அஸ்திவாரத்தின் மேல் மணல் மூட்டையும் கருங்கல்லுமாக ஆள் உயரத்துக்கு அடுக்கச் சொன்னீர்கள்.

“என்ன அண்ணாச்சி இது? யார் வீட்டுலயும் இப்படிச் செஞ்சு நான் பாத்ததில்லயே” என்றார் சுடலைக் கொத்தனார்.

“பாரம் ஏத்திப் பாக்கணும் வே. போறது இப்பவே போயிரட்டும். நான் போயிட்டு வந்து சொல்லுதேன், அப்புறம் சுவர் எழுப்பினாப் போதும்.”

ஒரு மாதம் கழித்து வந்து நூல் பிடித்துப் பார்த்தீர்கள். ஒரு விரக்கடைகூட இறங்கவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்கள். வீடு எழும்பியது, பாலும் காய்ச்சினோம். ஐப்பசி மழை பெய்து கரிசல் ஊதியதும் அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். “கடல் மண்ணு கீழ போவும் அண்ணாச்சி. நம்ம கரிசலு மழைக்கு மேலயில்லா வரும்? என்ன பாரம் வச்சாலும் தூக்கிரும்.” அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்கள் வெடிப்பைத் தடவிக்கொண்டே, “அவ ஒரு நாளும் எனக்கு இப்படிச் செஞ்சதில்ல” என்றீர்கள்.

“அப்ப அங்கனயே போயி குடியிருங்க” என்றேன். நீங்களே சிமெண்டைக் குழைத்து வெடிப்பைப் பூசி முடித்தீர்கள். வீடு வெடித்த துக்கம் எனக்கும் இருந்தது. ஆனாலும் அவளிடம் படித்த படிப்பு நம் மண்ணில் பலிக்கவில்லை என்பதில் ஒரு வாரம் நான் சந்தோஷமாகவே சமைத்தேன்.

மகள் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சோடியபோதுதான் நேராகவே கேட்டுவிட்டேன். “நானா, அவளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.” நீங்கள் வழக்கம்போல மழுப்புவீர்கள் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

“அவ நிக்க வரைக்கும்தாம்ட்டி நான் அங்கன. இன்னும் ஒரே ஒரு எடம் மாத்தணும். அவ எழும்பி நின்னுட்டான்னு வையி, வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். அப்புறம் உன் பக்கத்துலயேதான்.”

அந்த வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கடைசி இடமாற்றம் உங்கள் லீவில் வந்தது. இந்தத் தடவை உங்களைக் கூப்பிடவில்லை, ஆள் இருக்கிறது என்றுவிட்டார்கள். நீங்கள் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் நடந்தீர்கள். கூட வேலை பார்க்கிற கடையநல்லூர் மைதீனுக்கு ஓயாமல் போன். “எங்க வந்துட்டா? காலு இறக்கியாச்சா?” சாப்பிடும்போதும் காதில் போன்தான். காபி தம்ளரை உங்கள் முன்னால் ணங்கென்று வைத்தது நான்தான், தெரியாமல் இல்லை.

மறுநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். அடுத்த நாள் காலையில் நீங்கள் கண் திறந்தபோது நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். என் பெயரைச் சொல்லுவீர்கள் என்று குனிந்தேன். என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, “தூக்கியாச்சா?” என்றீர்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை. இங்கேயும் வந்துவிட்டாளா என்ற ஆத்திரம். தூக்கினார்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் நின்றுவிட்டால் நீங்கள் என் பக்கம் என்பது உங்கள் வாயால் சொன்னது. அவளை அந்த நிமிஷமே நிற்க வைத்துவிட்டேன்.

“தூக்கியாச்சு. நல்லா நிக்கா. இனி என்னையப் பாருங்க.”

நீங்கள் நீளமாக மூச்சு விட்டீர்கள். “சரி” என்று சொல்லிக் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

மாதம் திரும்பி மைதீன் உங்கள் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் காலையில் அவள் நின்றுவிட்டாளா என்று கேட்டேன்.

“எங்க மதினி? அன்னைக்குக் காத்து கூடுதல். ஒரு காலு இறங்கிக்கிட்டே இருந்துச்சு. பாரம் ஏத்தி ஏத்திப் பாத்து, ரெண்டு நாள் கழிச்சுத்தான் தூக்குனோம். ஏன் கேக்கிய?”

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“அண்ணாச்சி அப்படித்தான் மதினி. தூக்குத நேரத்துல அவிய வேலை முடிஞ்சாலும் போவ மாட்டாவ. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டாவ. தூக்கியாச்சா, தூக்கியாச்சான்னு கேட்டுக்கிட்டே நிப்பாவ. ஆச்சுன்னு ஒரு ஆளு சொல்லணும். சொன்னாத்தான் ‘சரி’ன்னுட்டு இடத்தை விட்டு நகருவாவ. நீங்க நல்ல வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருக்கிய.”

ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னான், பாவம். நானும் தலையாட்டி அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து ‘தூக்கியாச்சு’ என்ற அந்த ஒரு வார்த்தையை இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்துகொண்டு திரிகிறேன். உங்கள் இதயத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் முன்னமேயே சொன்னதுதான், எனக்கும் விளங்காமல் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஆகவில்லை, ஒரு கால் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. சொல்லியிருந்தால் நீங்கள் நகர்ந்திருக்க மாட்டீர்கள். எனக்காக இல்லாவிட்டாலும், அவளுக்காகவாவது இரண்டு நாள் இருந்திருப்பீர்கள்.