தாழி இல்லாமல் திரும்பினேன்

பாகூர், 1937 மாசி, சனி இரவு.

புதுச்சேரியில் இன்று பிரெஞ்சுக்காரப் பேராசிரியருக்கும் எனக்கும் ஒரே மேடையில் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில், அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமத்தாழி ஒன்றைக் கண்டது பள்ளி வாத்தியாரான நான். விரிசல் விழாமல் வெளியே எடுத்தது தொல்லியல் படித்த அவர். இருவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றாராம்.

கூட்டம் கலைந்ததும், "தாழியை எப்போ ஊருக்குக் கொண்டுபோகலாம்?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "பாரீசுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க, வாத்தியாரே. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்." தமிழிலேயே சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன்.

பாகூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால், வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியோடு ஊரார் காத்திருந்தார்கள்.

"தாழி இன்னா ஆச்சு, வாத்தியாரே?"

"சீமைக்குப் போயிடுச்சுப்பா."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.