கல்லுப்பேரி

ஜனவரி 9

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீயாக எழுதினால் தெரிந்துகொள்கிறேன்.

நேற்று மண்வாரி இயந்திரம் வந்து உன் பங்குப் பேரிக்காய்த் தோட்டத்தை வேரோடு புரட்டிப் போட்டுவிட்டது. ஓட்டுகிறவனிடம் கேட்டேன். "உங்க தம்பி மானியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்காரே, உங்களுக்கே தெரியாதா பெரியவரே?" என்றான். கூடப்பிறந்தவன் சங்கதியை ஊரான் சொல்லித் தெரிந்துகொண்டேன். பழைய தோட்டத்தை அழித்தால் அரசாங்கம் பணம் தருகிறதாம். வளர்த்தவனுக்குத் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூட வந்த அதிகாரி என் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இது நல்லா காய்க்கிற தோட்டம், இதுக்குக் கிடைக்காது" என்றார். அவரை யார் கேட்டது?

இப்படிக்கு,
ஒரு வார்த்தை கேட்கப்படாத அண்ணன்

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சொல்லாதது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

பாகம் பிரித்தபோது சர்க்கரைப்பேரி மரங்களை மூத்தவன் பங்கென்று எடுத்துக்கொண்டு, கல்லுப்பேரியை என் பக்கம் தள்ளினீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். சந்தையில் எல்லோர் முன்னாலும், "என் தம்பி காயைக் கடிக்கிறதுக்கு முன்னால பல் டாக்டருக்குச் சொல்லிட்டு வாங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு என் கூடைப் பக்கம் யாரும் வரவில்லை.

இங்கே பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறேன். யாரும் கடித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் அன்புத் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

மரமெல்லாம் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் வைத்தேன், மருந்தடித்தேன். கடைசியில் ஒரு புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். சர்க்கரைப்பேரி தன் பூவை நம்பிக் காய்க்காதாம். கூடவே பூக்கிற வேறு ஜாதி பக்கத்தில் வேண்டும். அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இத்தனை காலமும் அது உன் மரங்களிலிருந்து வந்திருக்கிறது. நீ செய்த காரியம் என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அந்தக் கல்லுப்பேரி ஜாதி எந்த நாற்றுப்பண்ணையிலும் இல்லை. ஒரு கிளையாவது மிஞ்சியதா? ஒட்டுக்கட்டிக்கொள்வேன். உன்னிடம் கையேந்துகிறேன் என்று நினைக்காதே. மரத்துக்காக எழுதுகிறேன்.

அண்ணன்

ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒன்றும் மிஞ்சவில்லை. வேர்வரை எரித்தால்தான் பணம் என்று உத்தரவு. அந்த நிலத்தில் இனிப் பழமரம் நடவும் கூடாது. தெரிந்திருந்தால் வரப்போரம் ஒரு மரத்தை விட்டிருப்பேன். சத்தியமாக, அண்ணா. உங்களுக்கும்தானே தெரியவில்லை?

காய்ப்பு நின்றதால் உங்கள் தோட்டத்துக்கும் இப்போது மானியம் கிடைக்கும். வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். "முன்னறையைப் பெரியவருக்கு ஒழிச்சு வெச்சிருக்கேன்னு எழுதுங்க" என்று என் மனைவி பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதம் போன வருஷமே கிடைத்தது.

அதிகாரி மறுபடி வந்தார். "பெரியவரே, இப்ப நீங்களும் தகுதி ஆயிட்டீங்க" என்று பரிசு விழுந்ததுபோலச் சொன்னார். கேட்டைச் சாத்தினேன். முன்னறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

இந்த வருஷமும் வெள்ளைவெளேரென்று பூத்திருக்கிறது. போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "நல்ல காய்ப்பு இருக்கும் போலிருக்கே, பெரியவரே!" என்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன்.

அண்ணன்