தொட்டியில் ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலந்தானே? முழங்கால் வலி தேவலையா? ஜெர்மனிக் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

“அங்கிட்டு என்னதான் ஆத்தா பண்றே?” என்று கேட்டீங்களே. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, நம் தோட்டத்துப் போர்வெல் மோட்டார் மாதிரி. மூச்சுக்காற்றைச் செலவழித்துப் புரோட்டான் என்ற நுண்துகள்களைத் தொட்டிக்கு ஏற்றும். அவை மதகு வழியாக இறங்கினால்தான் உடம்புக்குச் சக்தி. சோதனைக்காக நான் செல்லில் விடும் மருந்து தொட்டியில் ஓட்டை போடும். மோட்டார் இன்னும் வேகமாக ஓடும், மூச்சு கூடும். ஆனால் சக்தி வராது, சூடுதான் மிச்சம்.

செல்லின் மூச்சை அளக்கும் கருவியைத் தண்ணீரில் மட்டும் கழுவியதால் பழைய மருந்து ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் சோதனையைக் கெடுத்திருக்கிறது. நேற்று ஸ்பிரிட்டில் கழுவினேன். மருந்து விட்டதும் திரையில் மூச்சுக் கோடு விறுவிறுவென ஏறியது! “ஏறிருச்சுப்பா!” என்று கத்திவிட்டேன். தீப்பிடித்துவிட்டதென்று பேராசிரியர் ஓடிவந்தார்.

அடுத்த முறை மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியருகே நின்று போன் பண்ணுங்க. பேசாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் விழும் சத்தம் கேட்கட்டும். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் சுகுணா